பெலிஸ் நாட்டில் மாயா அகழாய்வுக்குச் செல்ல விரும்பும் மாணவர்களுக்கு: விண்ணப்பம் முதல் குழியை மூடும் நாள் வரை

மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் நாட்டின் பழைய மாயா குடியிருப்பு ஒன்றில், அம்மக்களின் சடங்கு வாழ்க்கையை ஆராயும் அகழாய்வில் மாணவராகச் சேர விரும்பும் தமிழ்நாட்டுத் தொல்லியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சென்றபோது கிடைத்த குறிப்புகள் எல்லாம் அமெரிக்க மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விசா தேவைப்படாதவர்களுக்காக எழுதப்பட்டதால் அவற்றில் விசாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. களத்தில் இறங்கிய பிறகு எந்தத் தாளை எப்படி நிரப்புவது, எதைத் தொடக்கூடாது என்பதையும் அவை சொல்லவில்லை. இந்த இரண்டு குறைகளையும் நிரப்புவதே என் நோக்கம். மாயா வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு நூலகம் இருக்கிறது.

1. எந்தத் திட்டத்தில் சேர்வது

தனி ஆளாகப் போய் எங்கும் தோண்ட முடியாது. பெலிஸில் அகழாய்வு அனுமதியை வழங்குவது பெல்மோபான் நகரில் உள்ள தொல்லியல் நிறுவனம். அந்த அனுமதி திட்ட இயக்குநரின் பெயரில் இருக்கும், மாணவர்கள் அதன் கீழ் வேலை செய்வார்கள். எனவே உங்கள் முதல் வேலை, ஃபீல்டு ஸ்கூல் எனப்படும் களப்பள்ளியை நடத்துகிற ஒரு திட்டத்தைக் கண்டுபிடிப்பது. அமெரிக்கத் தொல்லியல் கழகம் உலகெங்கும் நடக்கும் களப்பள்ளிகளை ஒரே பட்டியலாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பெலிஸ் என்று தேடினால் போதும்.

நீண்ட காலமாக நடக்கும் திட்டங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். பெலிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1988 முதல் ஹைமே ஆவே தலைமையில் நடந்துவரும் திட்டம் கஹால் பெச், பேக்கிங் பாட், ஷுனான்துனிச் ஆகிய இடங்களில் வேலை செய்திருக்கிறது. வடமேற்கில் ப்ளூ கிரீக் பகுதியில் மாயா ரிசர்ச் புரோகிராம் என்ற அமைப்பும், ரியோ பிராவோ காட்டுப்பகுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகம் சார்ந்த திட்டமும் 1992 முதல் இயங்குகின்றன. இத்தகைய திட்டங்களில் ஆய்வகம், உள்ளூர் ஆட்கள், பழைய அறிக்கைகள் என எல்லாம் நிலைபெற்றிருக்கும். முதல் ஆண்டு நடக்கும் திட்டத்தில் சேர்ந்தால், காடு வெட்டுவதிலும் மேட்டை அளப்பதிலுமே பருவம் முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

விளம்பரத்தில் சடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பருவத்தில் எந்தக் கட்டடத்தில் குழி போடுகிறீர்கள், அது கோயில் மேடையா, முற்றமா, பழைய வீடு இருந்த மேடா, குகை வேலை உண்டா என்று கேளுங்கள். வீட்டு மேடு என்று பதில் வந்தாலும் ஏமாற வேண்டியதில்லை. மாயா மக்கள் தம் முன்னோரை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள், வீட்டைப் புதுப்பிக்கும்போது காணிக்கை வைத்தார்கள்; சாதாரணக் குடும்பத்தின் சடங்கு வாழ்க்கையை அறிய வீட்டு மேட்டைவிட நல்ல இடம் கிடையாது.

2. எப்போது எதைத் தொடங்குவது

களப்பணி பெரும்பாலும் மே இறுதியிலிருந்து ஜூலை வரை, சில திட்டங்களில் ஆகஸ்ட் வரை நடக்கும். அமெரிக்கக் கல்லூரி விடுமுறையை ஒட்டி வைத்த காலம் இது. பெலிஸில் ஜூன் மாதத்திலேயே மழை தொடங்கிவிடும் என்பதால், பருவத்தைப் பிரித்து நடத்தும் அமர்வுகளில் முதலாவது கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புகள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் வரத் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் விண்ணப்பம் முடியும். இந்தக் கணக்கு அமெரிக்க மாணவருக்குச் சரி. நமக்கு அது போதாது, ஏனெனில் நம் பயணத்தைத் தீர்மானிப்பது அமெரிக்க விசா நேர்காணலுக்குக் கிடைக்கும் தேதிதான் (பெலிஸ் செல்ல அது ஏன் வேண்டும் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்), அதற்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். ஆகவே அடுத்த ஆண்டு கோடையில் போக வேண்டுமென்றால் இந்த ஆண்டு கோடையிலேயே விசா வேலையைத் தொடங்குங்கள். திட்டத்தில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

3. ஆவணங்கள்

பெலிஸ் செல்ல இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விசா வேண்டும். ஆனால் பலமுறை நுழைய அனுமதிக்கும் செல்லுபடியான அமெரிக்க விசா கையில் இருந்தால், பெலிஸுக்குத் தனி விசா தேவையில்லை. சென்னையிலிருந்து பெலிஸ் நகரத்துக்கு நேர் விமானம் கிடையாது. ஹூஸ்டன், மயாமி போன்ற அமெரிக்க நகரங்கள் வழியாகத்தான் பெரும்பாலான விமானங்கள் போகின்றன. அமெரிக்காவில் சில மணி நேரம் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறினாலும் விசா இல்லாமல் முடியாது. எனவே பி1/பி2 எனப்படும் பார்வையாளர் விசா ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி. வெறும் சி1 எனப்படும் இடைநிறுத்த விசா எடுத்தால் பெலிஸ் விசாவுக்கும் தனியாக அலைய நேரிடும். பி1/பி2 விசாவின் அடிப்படைக் கட்டணம் 185 டாலர்; கூடுதல் கட்டணம் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் நாளில் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில், பெலிஸில் நடக்கும் அகழாய்வுக்கு அமெரிக்கா வழியாகப் போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டத்தின் அழைப்புக் கடிதமும், உங்கள் கல்லூரி உங்களை மாணவர் என்று உறுதிசெய்து கொடுக்கும் கடிதமும் கையில் இருக்கட்டும். அழைப்புக் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: அமர்வின் தொடக்க, முடிவுத் தேதிகள், தங்குமிடத்தின் முகவரி, இயக்குநரிடம் தொல்லியல் நிறுவனத்தின் அனுமதி இருக்கிறது என்ற குறிப்பு, விமான நிலையத்தில் உங்களை யார் அழைத்துப்போவார்கள் என்ற விவரம். இயக்குநர்கள் பொதுவாக இரண்டு வரியில் கடிதம் எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய மாணவர்களுக்கு அது போதும், நமக்குப் போதாது. தயங்காமல் திருத்தி எழுதித் தரக் கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. அச்சுப் பிழை அல்ல. சிக்கல் எங்கே வருமென்றால், அழைப்புக் கடிதத்தில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், விமானச் சீட்டில் அப்பா பெயர் விரித்து ஒரு பெயர், காப்பீட்டில் இன்னொரு பெயர் என்று ஆகும்போது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே எல்லா இடத்திலும் கொடுங்கள். கல்லூரிச் சான்றிதழில் உள்ள பெயரைக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்க விசா கிடைக்காதவர்கள் பெலிஸ் விசாவுக்கு நேரடியாக விண்ணப்பித்து வேறு வழியில் போகலாம். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிட விவரம் ஆகியவற்றோடு பல வாரக் காத்திருப்புக்கும் தயாராக இருங்கள். பனாமா அல்லது மெக்சிகோ வழியாகப் போவதானால் அந்த நாடுகளின் விசா விதிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முகவர் ஒருவர் எனக்கு, பனாமாவில் மாறுவதற்கு எதுவுமே தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடாக இந்தியா பனாமாவைக் கருதுகிறது என்பதும், திரும்பி வரும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், பனாமா வழியாகப் போகிறவர்கள் பயணத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்பதில் பயனில்லை.

பெலிஸில் நுழையும்போது பொதுவாக 30 நாள் தங்க முத்திரை குத்துவார்கள். நான்கு வார அமர்வோடு ஊர் சுற்ற ஒரு வாரம் சேர்த்தால் 30 நாளைத் தாண்டிவிடும். குடிவரவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி நீட்டித்துக்கொள்ள வேண்டும். காலம் முடிவதற்கு முன்பே போக வேண்டும்.

4. செலவு

நான் விண்ணப்பித்த காலத்தில் பார்த்த திட்டங்களில், இரண்டு வார அமர்வுக்குச் சுமார் 1,500 முதல் 2,500 டாலர் வரை கேட்டார்கள். உணவும் இருப்பிடமும் பெரும்பாலும் இதில் அடங்கும், ஆனால் வார இறுதி உணவு சில இடங்களில் அடங்காது. பல்கலைக்கழக கிரெடிட் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம், அதுவே சில நேரம் அமர்வுக் கட்டணத்தை மிஞ்சும். உங்கள் கல்லூரி அந்த கிரெடிட்டை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்காது என்றால் அதற்குப் பணம் கட்டாதீர்கள். பயிற்சி பெற்ற நேரத்தைக் குறிப்பிட்டு இயக்குநர் தரும் சான்றுக் கடிதமே போதும். விமானச் செலவு சீசனைப் பொறுத்து ஒன்றே கால் லட்சம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை ஆகலாம். உதவித்தொகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, கனடாக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மட்டுமே என்பதால், விண்ணப்பக் கடிதம் எழுதுவதற்கு முன் தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

பணம் அனுப்புவது தனிக் கதை. வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவமும் பான் எண்ணும் திட்டத்தின் கட்டண ரசீதும் கேட்பார்கள். எனக்கு வாய்த்த கிளையில் களப்பள்ளி என்றால் என்னவென்று புரியாமல், அதை வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்று பதியப் பார்த்தார்கள். அப்படிப் பதிந்தால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் எனப்படும் முன்வரியைப் பிடிப்பார்கள். கல்விக்கான தொகை என்றால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. எனவே ரசீதில் பயிற்சிக் கட்டணம் என்ற சொல் இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இடையில் உள்ள வங்கிகள் கமிஷன் பிடித்துக்கொண்டு குறைவான தொகை போய்ச் சேரும். எல்லாச் செலவும் அனுப்புபவருடையது என்ற கட்டத்தில் குறியிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பெலிஸ் டாலர் இரண்டு, அமெரிக்க டாலர் ஒன்று என்பது நிலையான மாற்று விகிதம். கடைகளில் இரண்டு பணமும் செல்லும். டாக்சிக்காரர் நூறு டாலர் என்றால் எந்த டாலர் என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள்.

5. உடல்நலம்

டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளை முடித்துக்கொள்ளுங்கள். குகை வேலை உண்டென்றால் வௌவால் காரணமாக ரேபிஸ் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெலிஸுக்குச் சான்று அளித்துவிட்டது, ஆனால் டெங்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டில், ஆபத்து நேரத்தில் வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாத காப்பீட்டைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை.

களத்தில் முதல் நாளே காட்டச் சொல்ல வேண்டியது செச்செம் என்கிற மரம். இதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும். நிழலுக்காகத் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றை எந்த மரத்தில் கட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். டாமிகாஃப் என்று அங்கே அழைக்கப்படும் குழிவிரியன் வகைப் பாம்பு இலைச்சருகில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலையில் தார்ப்பாயை விலக்கும் வேலையை உள்ளூர் ஆட்களிடம் விட்டுவிடுவதே வழக்கம். உண்ணிக்கு, முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சைவ உணவுக்காரர்கள் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும் அந்நாட்டின் அன்றாட உணவு, நம் நாக்குக்கு ஒத்துப்போகும்; ஆனால் அந்த பீன்ஸில் உப்பிட்ட பன்றிவால் போடுவது அங்கே சகஜம்.

6. பெட்டியில் வைக்க வேண்டியவை

ஒரே வார்ப்பில் அடித்த கூர்முனைக் கரண்டி ஒன்று அவசியம். நம் கொத்தனார் கரண்டியைவிடச் சிறியது, நான்கரை அல்லது ஐந்து அங்குல நீளம் இருக்கும். மார்ஷல்டவுன் என்ற பெயரில் கிடைப்பதையே பெரும்பாலோர் வைத்திருப்பார்கள். இதோடு தூக்குக்குண்டு, நூலில் மாட்டும் சிறு ரசமட்டம், ஐந்து மீட்டர் டேப், மழையில் நனைந்தாலும் கிழியாத குறிப்பேடு, பென்சில்கள், மெல்லிய தூரிகைகள் வேண்டும். மூங்கிலைச் சீவி முனை கூராக்கிய குச்சிகள் நாலைந்து கொண்டுபோங்கள். எலும்பைச் சுற்றி மண் எடுக்க உலோகம் ஆகாது. கரண்டியும் கத்தரிக்கோலும் கைப்பையில் இருக்கக்கூடாது, சரக்குப் பெட்டியில் போட வேண்டும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், இரு விமானங்களுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. முதல் வாரம்: பதிவுமுறையைக் கற்பது

பெலிஸில் பல திட்டங்கள் பின்பற்றும் முறையில், ஓர் இடத்தில் நடக்கும் வேலைக்கு ஆபரேஷன் எண், அதன் உட்பிரிவுக்கு ஓர் எழுத்து, அதற்குள் தோண்டும் ஒவ்வொரு மண் அலகுக்கும் லாட் எண் என்று கொடுப்பார்கள். குழி பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு இரண்டு மீட்டர். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால், சுண்ணாம்புத் தரை வந்தால், புதிதாக ஏதேனும் வெட்டு தெரிந்தால், உடனே லாட்டை மூடிப் புதியது திறக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை என்று அளவு பார்த்தே தோண்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் கைவராது.

லாட் தாளில் தொடக்க உயரம், முடிவு உயரம், மன்செல் நிற அட்டையின்படி மண் நிறம், மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள லாட்டுகளோடு இதற்குள்ள உறவு, பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். ஈரமான மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நிற எண் வேறு வரும். எந்த நிலையில் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு குறிப்பு என்று இரண்டு இருக்க வேண்டும். ஈரத்தில் மை கலைந்துவிடும் என்பதால் உள்ளே போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுவது நல்லது.

8. சடங்குத் தடயங்களைத் தோண்டும் முறை

விளக்கம் கிடைக்காத பொருளை எல்லாம் சடங்குப் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள் என்று தொல்லியலாளர்களையே கேலி செய்யும் பழைய நகைச்சுவை உண்டு. அந்தக் கேலிக்கு ஆளாகாமல் இருக்க ஒரே வழி, சடங்கு என்ற சொல்லைக் களத்தில் எழுதாமல் இருப்பதுதான். ஒரு கிண்ணம் சமையலுக்கும் பயன்பட்டிருக்கும், காணிக்கைக்கும் பயன்பட்டிருக்கும். அது எங்கே, எதன் மேல், எதன் அடியில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதுதான் இரண்டையும் பிரிக்கும். அந்தத் தகவல், கிண்ணத்தை எடுத்த நொடியில் அழிந்துவிடும்.

கோயில் மேடைகளில் குழி பெரும்பாலும் கட்டடத்தின் மைய அச்சில் போடப்படும். படிக்கட்டின் அடியிலும், மேடையின் நடுவிலும், நடுகல்லைப் போல நிற்கும் ஸ்டெலா கற்களின் அடியிலும் காணிக்கை வைப்புகள் கிடைப்பது இதற்குக் காரணம். ஒரு கட்டடத்தின் மேல் இன்னொன்றாகக் கட்டிக்கொண்டே போனதால், சுண்ணாம்புத் தரைகள் அடுக்கடுக்காக வரும். தரை நெருங்குவதை உள்ளூர் அகழாய்வாளர்கள் ஓசையிலேயே சொல்லிவிடுவார்கள்: நிரப்பு மண்ணில் சரசரவென்று ஓடும் கரண்டி, சுண்ணாம்பைத் தொட்டதும் கணீரென்று சுரண்டும். சான் ஹோசே சுக்கோட்ஸ் போன்ற ஊர்களில் இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற மேற்பார்வையாளரிடம் கேட்பதற்கு முன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தரை முழுதும் வெளிப்பட்டதும் அதைத் துடைத்து, லேசாக நீர் தெளித்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வட்டமாக ஓர் இடம் மட்டும் நிறம் மங்கி, விரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிட மிருதுவாக இருக்கலாம். தரை போட்ட பிறகு யாரோ அதை வெட்டி, எதையோ வைத்து, மேலே பூசி மூடியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி ஒட்டுப் போட்ட தடம் எதுவும் இல்லாமல் தரைக்கு அடியில் காணிக்கை கிடைத்தால், அது கட்டடம் எழும்பும்போதே வைக்கப்பட்டது. முன்னது புழக்கத்தில் இருந்த கட்டடத்தில் நடந்த செயல், பின்னது கட்டடத்தைத் தொடங்கிவைத்த செயல். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரே சான்று நீங்கள் உடைக்கப்போகும் அந்தத் தரைதான். ஆகவே படமெடுத்து, 1:20 அளவில் வரைந்து, உயரங்களைக் குறித்த பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

கீழே இரண்டு கிண்ணங்கள் வாயோடு வாய் பொருந்தி, ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்திருக்கக் காணலாம். மேல் கிண்ணம் மண்ணின் பாரத்தில் உடைந்து உள்ளே இறங்கியிருக்கும். அதைத் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். களத்தில் திறக்கவே கூடாது. சுற்றி மண்ணை விட்டுவைத்து, துணிப்பட்டையால் இறுகச் சுற்றி, அடியில் பலகை செருகி மொத்தமாகத் தூக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். உள்ளே அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியில் உரித்த கத்திகள், ஜேட் மணிகள், கடற்சிப்பி, இரத்தம் சிந்தும் சடங்குக்குப் பயன்பட்ட திருக்கை முள் ஆகியவை இருக்கலாம். பெலிஸின் கரகோல் என்ற மாயா நகரில் இத்தகைய கிண்ணங்களில் மனித விரல் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. உள்ளிருக்கும் மண்ணில் ஒரு சிட்டிகைகூடக் கொட்டிவிடாமல் நீரில் மிதக்கவிட்டு அலசுவதற்கு அனுப்ப வேண்டும். விதையும் கரித்துணுக்கும் மீன்முள்ளும் அதில்தான் கிடைக்கும். கால் அங்குலக் கண் உள்ள களச் சல்லடையில் இவை எல்லாம் கீழே போய்விடும். கிண்ணத்தைக் கழுவவும் கூடாது. உட்சுவரில் ஒட்டிய எச்சத்தை வைத்து ககாவோ என்னும் கோகோ பானம் இருந்ததா, கோபல் பிசின் எரிந்ததா என்று சோதிக்க முடியும். கோபல் என்பது நம் சாம்பிராணியைப் போல அவர்கள் தூபக்கலத்தில் இட்ட பிசின்.

கரியை வெறும் கையால் தொடாமல், கரண்டி முனையால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து வையுங்கள். ஒரு மாதிரிக்குக் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு செய்யப் பல நூறு டாலர் ஆகும் என்பதால், எதை அனுப்புவது என்று இயக்குநர் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார்; எங்கிருந்து எடுத்தது என்று தெளிவாக எழுதாத மாதிரி அந்தப் பட்டியலில் ஏறவே ஏறாது. பைன் மரக் கரி கிடைத்தால் தனிக் கவனம் வேண்டும். பெலிஸ் பள்ளத்தாக்கில் அது சடங்கு இடங்களோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது. தெற்கே மலைமேட்டிலிருந்து சுமந்து வந்த மரம் அது.

புதைகுழிகளில் புதியவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்று உண்டு. பெலிஸ் பள்ளத்தாக்கில் இறந்தவரைத் தலை தெற்கே இருக்க, முகம் மண்ணைப் பார்க்கக் குப்புறக் கிடத்துவதே பெருவழக்கு. எனவே முதலில் தென்படுவது பின்மண்டையும் முதுகெலும்பும்தான். முகத்தைத் தேடி ஆழமாகக் குடைந்தால் பற்களும் தாடையும் நொறுங்கிவிடும். எலும்பு தென்பட்டதும் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். அன்றே முடிக்க முடியாது என்றால் அன்று தொடங்கவே மாட்டார்கள், ஏனெனில் திறந்த புதைகுழியை இரவில் விட்டுச் செல்வது கொள்ளையருக்கு வைத்த அழைப்பு.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தவை, முற்றத்தின் மூலைகளிலும் படிக்கட்டு சுவரோடு சேரும் இடங்களிலும் கிடக்கும் குவியல்கள். உடைந்த பானை ஓடு, தூபக்கலத் துண்டு, அப்சிடியன், விலங்கெலும்பு எல்லாம் கலந்து கிடக்கும். பார்த்தால் குப்பை. அந்நகரங்கள் கைவிடப்பட்ட காலத்தை ஒட்டியவை இவை; கடைசியில் குடியிருந்தவர்கள் கொட்டிய குப்பையா, கட்டடத்தின் உயிரை முடித்துவைத்த சடங்கா, ஊர் பாழான பிறகும் திரும்பி வந்து வழிபட்டவர்கள் விட்டதா என்று ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடக்கிறது. இதில் மாணவரின் கையில் இருக்கும் சான்று, குவியலின் அடியில் உள்ள ஓடுகளுக்கும் சுண்ணாம்புத் தரைக்கும் நடுவே உள்ள மண். ஓடுகள் நேராகத் தரைமேல் கிடந்தால் ஒரு கதை. இடையில் இரண்டு விரற்கடை மண்ணும் மேலிருந்து சரிந்த சுண்ணாம்புத் துகளும் இருந்தால், கட்டடம் பராமரிப்பின்றிச் சிதைந்த பிறகே அந்தக் குவியல் வந்தது என்று வேறு கதை. கஹால் பெச், பேக்கிங் பாட், ஷுனான்துனிச் ஆகிய இடங்களில் இத்தகைய மண்ணைக் கவனித்ததால்தான் கைவிடப்பட்ட பின்னும் வழிபாடு தொடர்ந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. குவியலைக் கூட்டி அள்ளாமல், ஓடுகளை இருந்த இடத்திலேயே விட்டு, படமெடுத்து, அடுக்கடுக்காக எடுங்கள். அடியில் உள்ள மண்ணுக்குத் தனி லாட் எண் கொடுங்கள். நேரமாகிவிட்டது, சேர்த்தே எடுத்துவிடு என்று யாராவது சொன்னாலும் மறுத்துப் பேசுங்கள்.

9. குகையில்

மாயா மக்களுக்குக் குகை மழைத்தெய்வமான சாக் உறையும் இடம், பாதாளத்தின் வாசல். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரையிலான வறட்சிக் காலத்தில் குகை வழிபாடு பெருகியதற்குச் சான்றுகள் உண்டு. அங்கே பொருள்கள் மண்ணுக்கு அடியில் அல்ல, தரைமேலேயே கிடக்கின்றன. ஆகையால் கரண்டியைவிடக் காலடிதான் ஆபத்து. நாடா கட்டிய பாதையை விட்டு விலகாதீர்கள். ஆக்டுன் துனிச்சில் முக்னல் என்ற குகையில் சுற்றுலாப் பயணி ஒருவரின் கேமரா மண்டையோட்டின் மீது விழுந்து உடைத்ததால், 2012 முதல் அங்கே கேமராவுக்கே தடை. தலைவிளக்கு இரண்டு, மாற்று பேட்டரி, நனைந்தால் உலரும் உடை ஆகியவை வேண்டும். வௌவால் எச்சம் நிறைந்த உலர்ந்த குகைகளில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதால் முகக்கவசத்தைத் தவிர்க்க வேண்டாம்.

10. சட்டமும் கைப்பேசியும்

பெலிஸில் பழம்பொருள்கள் அனைத்தும் அரசின் சொத்து. வழியில் கிடக்கும் ஒரு பானை ஓட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. மண், கரி மாதிரிகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக இயக்குநர் தனி அனுமதி வாங்குவார். யாராவது ஒரு மாதிரியை உங்கள் பெட்டியில் வைக்கச் சொன்னால், அந்தத் தாளின் நகல் இல்லாமல் வாங்காதீர்கள். கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பருவம் முடியும் முன் கண்டுபிடிப்பைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது, மனித எலும்பின் படத்தை எப்போதும் போடக்கூடாது. பெரும்பாலான திட்டங்கள் இதற்குக் கையெழுத்தே வாங்கிக்கொள்ளும்.

11. கடைசி வாரமும் ஊர் திரும்பிய பின்னும்

பருவ முடிவில் எல்லாக் குழிகளையும் மண் போட்டு மூடிவிடுவார்கள். மூடும் நாளுக்கு முன் நான்கு பக்கச் சுவர்களின் வெட்டுமுக வரைபடமும் படங்களும் முடிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு நாளும் மழை பெய்யும் என்றே கணக்கு வைத்து, ஒரு பக்கச் சுவரையாவது முந்தைய வாரமே வரைந்துவிடுங்கள். தோண்டியவர் எழுதும் அறிக்கையே தொல்லியல் நிறுவனத்துக்குப் போகும் ஆண்டறிக்கையின் அடிப்படை என்பதால், இயக்குநர் கேட்கும் முன்பே உங்கள் குழியின் சுருக்கத்தை எழுதிக் கொடுத்தால் மகிழ்வார்.

அந்தக் குழியின் தரவை உங்கள் முதுகலை ஆய்வேட்டில் பயன்படுத்த எண்ணம் இருந்தால், கிளம்புவதற்கு முன் எழுத்துமூல ஒப்புதல் வாங்குங்கள். எந்த லாட்டுகள், எந்த வரைபடங்கள், எந்தப் படங்கள், எந்த ஆண்டு வரை என்பதைக் குறிப்பிட்டு நீங்களே ஒரு பக்கக் கடிதம் தட்டச்சு செய்து கொண்டுபோனால் இயக்குநர் அங்கேயே கையெழுத்திடுவார். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால், அடுத்த பருவத் தயாரிப்பில் மூழ்கியிருப்பவரிடமிருந்து பதில் வர மாதங்கள் ஆகும். நம் பல்கலைக்கழகங்களோ ஆய்வேட்டோடு அந்தக் கடிதத்தின் அசலையும் கேட்கக்கூடும். பயிற்சிச் சான்றிதழையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள், அதில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.